மங்குஸ்தான்: தின்னும் சுளையும் எறியும் தோலும்

பெங்களூரில் தொம்மலூர் மேம்பாலத்தைத் தாண்டி இந்திராநகர்ப் பக்கம் திரும்பும் தெருமுனையில், ஜூன் பிறந்துவிட்டால் ஒரு தள்ளுவண்டியில் மாம்பழக் குவியலுக்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒரு சின்னக் கூடை வந்து உட்காரும். மங்குஸ்தான். கிலோ நானூறு ரூபாய். மாம்பழம் வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் நின்றேன். நிறம் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்ததும் வண்டிக்கார அம்மா தடுத்தார்.

"கண்ணால பாத்து எடுக்காதீங்க சார். கட்டைவிரலால லேசா அமுக்கிப் பாருங்க. அமுங்கினா நல்ல பழம். கல்லு மாதிரி இருந்தா உள்ள கெட்டிருக்கும்."

தொம்மலூருக்குத் தமிழ் புதிதில்லை. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த அம்மாவின் தமிழ் கிருஷ்ணகிரிப் பக்கத்தது. அவர் விரல் கண்டுபிடித்ததைத்தான் ஆய்வுக்கூடங்களும் சொல்கின்றன. மங்குஸ்தான் பழம் மரத்திலிருந்து விழுந்தாலோ, லாரியில் இடிபட்டாலோ, அடிபட்ட இடத்தில் லிக்னின் சேர்ந்து தோல் இறுகிவிடும். மரக்கட்டைக்கு உறுதி கொடுக்கிற அதே பொருள்தான் இந்த லிக்னின். அடிபட்ட சில மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். வெளியே நிறம் மாறாது. அதனால்தான் கண்ணை நம்பக் கூடாது என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்ததும் பழங்களைக் கவிழ்த்து வைத்தேன். காம்புக்கு நேர் எதிரே, அடியில், பூப்போல ஒரு தழும்பு இருக்கும். பூவின் சூல்முடி காய்ந்து ஒட்டிக்கொண்டது அது. அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஆறு இதழ் இருந்த பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தித் திருகினேன். தோல் ரொட்டி பிய்வதுபோல் பிய்ந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று ஆறு சுளைகள், உரித்த பூண்டுபோல வட்டமாக. ஐந்து ஒல்லி, ஒன்று பருமன். பருமனான சுளைக்குள்தான் விதை. விரல்களில் ஊதாச் சாறு ஒட்டியது. வேட்டியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் எந்த சோப்புக்கும் போகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல தங்கும் விடுதிகளில் இந்தப் பழத்தை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று எழுதிப் போட்டிருப்பது இந்தக் கறைக்குப் பயந்துதான்.

நான் செய்த அடுத்த காரியம் நிறுத்துப் பார்த்தது. சமையலறைத் தராசில் ஒரு கிலோ. எல்லாவற்றையும் உரித்துச் சுளைகளை மட்டும் வைத்தபோது முள் 300 கிராமைத் தொடவில்லை. அதிலும் விதை சேர்த்தி. மங்குஸ்தானின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் தின்னக்கூடியது. மீதி தோல். நானூறு ரூபாய் கொடுத்ததில் பெரும்பங்கைக் குப்பைக்கூடையில் போடப்போகிறேன். இந்த அத்தியாயம் அந்தக் குப்பைக்கூடையைப் பற்றியது. மங்குஸ்தானுக்கு மருத்துவப் பெயர் வாங்கிக் கொடுத்தது தோல். அந்தப் பெயரைச் சொல்லிக் காசு பார்ப்பது பாட்டிலில் அடைத்த பழச்சாறு.

முதலில் சுளை. பழங்களின் ராணி என்று இதற்குப் பட்டம் உண்டு. ருசிக்கு அந்தப் பட்டம் தகும். நாக்கில் வைத்ததும் கரைகிற இனிப்பு, அதன் ஓரத்தில் மெல்லிய புளிப்பு, லிச்சியும் பீச்சும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. ஆனால் சத்துக் கணக்கில் ராணி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில், சர்க்கரைப்பாகில் அடைத்த மங்குஸ்தான் 100 கிராமுக்கு 73 கலோரி, மாவுச்சத்தும் சர்க்கரையுமாகச் சுமார் 18 கிராம், நார்ச்சத்து 1.8 கிராம், வைட்டமின் சி 2.9 மில்லிகிராம், பொட்டாசியம் 48 மில்லிகிராம், ஃபோலேட் 31 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. அதே பட்டியலில் கொய்யாவுக்கு வைட்டமின் சி 228 மில்லிகிராம். வாழைப்பழத்தில் பொட்டாசியம் 350 மில்லிகிராமுக்கு மேல். மங்குஸ்தான் கூடைக்கு அடுத்தே அதே வண்டியில் கொய்யாவும் இருந்தது. சத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்றால் நான் அதை வாங்கியிருக்க வேண்டும். நோயாளிக்குத் தெம்பு வரட்டும் என்று கடன் வாங்கி மங்குஸ்தான் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இந்த எண்களை இங்கே வைக்கிறேன்.

இந்தப் பழத்தின் சொந்தக்காரர்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவர்கள். கார்சீனியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது இது. லோரான் கார்சன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் நினைவாக 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர். கேரள மீன்குழம்பில் கிடக்கும் குடம்புளி இதன் உறவு. மங்களூர்க்காரர்களின் ஓட்டல்களில் சாப்பாட்டுக்குப் பிறகு தருகிற சிவப்பு நிறப் புனர்ப்புளி சர்பத்தும் இதன் உறவுதான். பெங்களூரில் வெயில் ஏறிய நாளில் அந்த சர்பத்தைக் குடித்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் புளிப்பும் துவர்ப்பும் நாக்கில் பதிந்திருக்கும். புளிப்பு, துவர்ப்பு இரண்டில் மங்குஸ்தான் புளிப்பைச் சுளையிலும் துவர்ப்பைத் தோலிலும் பிரித்து வைத்துக்கொண்டது.

பிறந்த இடம் மலாய்த் தீவுகள். மரம் பிடிவாதமானது. வருஷம் முழுவதும் ஈரம் வேண்டும், குளிர் ஆகாது, காய்ந்த காற்று ஆகாது. பெங்களூரின் மேட்டுநில வறட்சியில் நன்றாக வராது. இங்கே வண்டிக்கு வருகிற பழம் பெரும்பாலும் கேரளத்திலிருந்து வருகிறது. சாலக்குடி ஆற்றங்கரைத் தோட்டங்கள், பத்தனம்திட்டா, கோட்டயம். தமிழ்நாட்டில் குற்றாலத்திலும், நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியார் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும் பழைய மரங்கள் நிற்கின்றன. பர்லியார்ப் பண்ணை 1871-இல் அரசின் கைக்கு வந்தது. கல்லாறுப் பண்ணை 1900-இல் தொடங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயில் பல்சக்கரத்தில் ஏறத் தொடங்குகிற கல்லாறு நிலையத்தின் அருகில்தான் அந்தப் பண்ணை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியார்க் கடைகளில் காரை நிறுத்தி மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கியவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். பெங்களூரிலிருந்து போகக்கூடிய தூரத்தில், குடகின் செட்டள்ளியில், இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இந்த வகைப் பழமரங்களில் வேலை செய்கிறது.

இந்த மரத்தின் பிறப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. நாம் துப்புகிற கொட்டை முறையான விதை இல்லை. மகரந்தம் சேராமலேயே, தாயின் திசுவிலிருந்தே அது உருவாகிறது. தோட்டங்களில் நிற்பதெல்லாம் பெண் மரங்கள். மகள் மரம் தாய் மரத்தின் நகல். எனவே பினாங்கில் தின்றாலும், இலங்கையின் களுத்துறையில் தின்றாலும், கல்லாறில் தின்றாலும் ஏறத்தாழ ஒரே மரத்தின் பழத்தைத்தான் தின்கிறோம். கொட்டை காய்ந்துவிட்டால் சில நாட்களில் செத்துவிடும். கப்பலில் மாதக்கணக்கில் போக முடியாத விதை இது. நட்டாலும் முதல் பழம் பார்க்க ஏழிலிருந்து பத்து வருஷம், சில இடங்களில் அதற்கும் மேல். இவ்வளவு பொறுமை கேட்கிற மரத்தை நீலகிரி அடிவாரத்தில் வைத்து வளர்த்து நமக்கு விட்டுப்போன தோட்டக்காரர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

இனி தோல். பழம் கெட்டுப்போகும், தோல் கெடாது. மலாய் நாட்டில் தோலை அரிந்து, வெயிலில் காயவைத்து, சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்கும் சீனத்துக்கும் கப்பலில் அனுப்பினார்கள். மருந்துக்காக. பழத்தை ஒருமுறைகூடப் பார்க்காத வங்காளத்து நோயாளி, அதன் காய்ந்த தோலைப் பொடியாக உட்கொண்டிருக்கிறார். எதற்கு? பேதிக்கும் சீதபேதிக்கும். ஊட்டியில் சின்கோனாத் தோட்டங்களுக்கு வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர், டைமாக், வார்டன் இருவரோடும் சேர்ந்து 1890-களில் வெளியிட்ட 'ஃபார்மகோகிராஃபியா இண்டிகா' என்ற பெரும் மூலிகை நூலிலும் இந்தத் தோலுக்கு இடம் கிடைத்தது. மலாய், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் வீட்டு வைத்தியங்களில் இன்னும் உண்டு: சிரங்குக்கும் கரப்பானுக்கும் தோலை அரைத்த பூச்சு, புண் கழுவத் தோல் கஷாயம், காய்ச்சலுக்கும் வாய்ப்புண்ணுக்கும் இலை, பட்டைக் கஷாயம். மலேசியத் தமிழர் வீடுகளில் டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி என்று இரண்டையும் சேர்த்துத் தின்கிற வழக்கம் அங்குள்ள சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இருப்பதுதான்.

சித்த மருத்துவத்தின் பழைய மரபில் மங்குஸ்தானைத் தேடுவது வீண். அது நம் மண்ணின் மரமில்லை. ஆனால் அது செய்கிற வேலையை நம் வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். அந்த வேலையின் பெயர் துவர்ப்பு. மாதுளம்பழத் தோலை எந்தப் பாட்டி எறிந்தார்? காயவைத்து டப்பாவில் போட்டு வைத்திருப்பார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு துண்டை மோரில் அரைத்துக் கொடுப்பார். மாதுளையும் மங்குஸ்தானும் தாவரக் குடும்பத்தில் தூரத்து உறவுகூட இல்லை. இரண்டையும் சேர்த்து வைப்பது டானின். மங்குஸ்தான் தோலில் 7 முதல் 14 சதவீதம் வரை டானின் இருப்பதாகக் கணக்கு. சீனத்தில் விலங்குத் தோலைப் பதனிட இதைப் பயன்படுத்தியதும் டானினுக்காகவே.

டானின் என்ன செய்கிறது? தோலின் உட்புறத்தை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நாக்கு சுருங்கிக்கொண்டு வந்தது. பச்சை வாழைக்காயைக் கடித்தாற்போல, கன்னத்தின் உள்பக்கம் துணி ஒட்டியதுபோல ஓர் இழுப்பு. எச்சிலில் இருக்கும் புரதங்களை டானின் பிடித்துக் கட்டிவிட்டது. வழுக்கல் போய்விட்டது. குடலின் உட்சுவரிலும் இதே காரியம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படலத்துப் புரதம் கெட்டிப்பட்டுக் கசிவு குறைகிறது. துவர்ப்பு கட்டும், சுருக்கும் என்று வைத்தியர்கள் சொல்லி வந்தது இதைத்தான். நாவின் ருசியை வைத்தே மருந்தின் செயலை ஊகித்தவர்கள் அவர்கள். அந்தக் கூர்மையை நான் வணங்குகிறேன்.

ஆனால் கசிவைக் கட்டுவது வேறு, உயிரைக் காப்பது வேறு. வயிற்றுப்போக்கில் ஆளைக் கொல்வது உடலிலிருந்து போய்விட்ட நீரும் உப்பும். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பொன்கான் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு நான்கு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. நூறு வருஷமாகக் கப்பலில் போன தோல் செய்யாததை ஒரு குவளை உப்புச் சர்க்கரை நீர் செய்தது. வீட்டு மருந்தின் அருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன்.

தோலில் டானினோடு இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 1855-இல் ஷ்மிட் என்ற வேதியியலாளர் தோலிலிருந்து மஞ்சள் நிறப் படிகம் ஒன்றைப் பிரித்தெடுத்து மாங்கோஸ்டின் என்று பெயரிட்டார். பழத்தை உரிக்கும்போது சில சமயம் மஞ்சள் பிசினாகத் தோலில் திரண்டிருப்பதைப் பார்க்கலாம். கசக்கும் அந்தப் பாலிலும் இந்த இனத்துப் பொருள்கள் உண்டு. மாங்கோஸ்டினின் மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிய இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. 1958-இல் யேட்ஸும் ஸ்டவுட்டும் அதைத் தெளிவாக்கினார்கள். சாந்தோன் என்ற வகை. மூன்று வளையங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய தட்டையான அமைப்பு. இன்று இந்தப் பழத்தோலில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட சாந்தோன்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. சுளையில் இவை மிகச் சொற்பம்.

இந்தச் சாந்தோன்களில் ஒன்றான ஆல்ஃபா மாங்கோஸ்டினைக் கண்ணாடித் தட்டில் வளரும் பாக்டீரியா மேல் ஊற்றினால் அது வேலை செய்கிறது. பல மருந்துகளுக்கு மடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் வகையைக்கூட அடக்குகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் குறைக்கிறது, வளர்ப்புத் தட்டில் புற்றுச் செல்களைச் சாகடிக்கிறது. இவையெல்லாம் உண்மையான ஆய்வுகள். சிரங்குக்குத் தோலை அரைத்துப் பூசியவர்களின் அனுபவத்துக்கு இதில் ஒரு விளக்கமும் கிடைக்கிறது. பூச்சு நேராகப் புண்ணில் படுகிறது. தட்டில் நடந்தது நம் சருமத்திலும் நடக்க வாய்ப்பு இருக்கிறது. வாய் வழியாகப் போனால் கதை வேறு. சாந்தோன் தண்ணீரில் கரைய மறுக்கும் பொருள். குடலும் கல்லீரலும் கிடைத்ததையும் வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. தட்டில் ஊற்றிய அடர்த்தி ரத்தத்துக்கு வருவதில்லை.

மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா? சோதித்திருக்கிறார்கள். 2018-இல் இத்தாலியில், உடல் பருமன் கொண்ட 22 பெண்களை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வின் முடிவு வெளியானது. தினம் 400 மில்லிகிராம் மங்குஸ்தான் சாரம், 26 வாரம். உட்கொண்டவர்களுக்கு இன்சுலின் கூடுதலாக வேலை செய்தது. நல்ல செய்தி, ஆனால் ஒரு நகரப் பேருந்தின் இருக்கைகள்கூட நிரம்பாத கூட்டம் அது. ஆஸ்திரேலியாவில் மனச்சிதைவு நோயாளிகள் சுமார் 150 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோல் பொடியை 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் குணம் தெரியவில்லை. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும். விற்கிறவர்கள் முதலாவதை மட்டும் அட்டையில் அச்சடிப்பார்கள்.

விற்பனை என்ற சொல் வந்துவிட்டது. 2002-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு நிறுவனம் மங்குஸ்தானைத் தோலோடு அரைத்துச் சாறாக்கி, ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கும் முறையில் உலகமெங்கும் கொண்டுபோனது. எந்த நோயைச் சொன்னாலும் அந்தச் சாறு கேட்கும் என்றார்கள் விற்றவர்கள். 2006-இல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதற்குள் பழக்கம் பரவிவிட்டது. இந்தியாவிலும் அதே மாதிரி பாட்டில்களும் மாத்திரைகளும் உறவுக்காரர் மூலம், அலுவலக நண்பர் மூலம் வீட்டுக்குள் வருகின்றன. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர். மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் இப்படி ஒரு பாட்டிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை வாங்குவதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டார். பாட்டிலைக் காட்டச் சொல்லிப் பின்புறத்து எழுத்தைப் படித்தேன். ஆப்பிள், திராட்சைச் சாறுகளும் சேர்த்தி. அவர் தவிர்க்க வேண்டிய சர்க்கரையை மருந்தென்று நம்பிக் குடித்துக்கொண்டிருந்தார்.

தீங்கே வராது என்றும் சொல்ல முடியாது. 2008-இல் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்று, ஒரு வருஷம் தினமும் மங்குஸ்தான் சாறு குடித்த ஒருவருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் அபாயகரமாக ஏறியதைப் பதிவு செய்தது. ஒரே ஒரு நோயாளியின் கதைதான், அதை வைத்து எல்லோரையும் பயமுறுத்தக் கூடாது. இருந்தாலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கீமோதெரபி எடுத்துக்கொள்கிறவர்கள், கர்ப்பிணிகள் தோல் சாரத்தையும் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இந்த எச்சரிக்கை சுளைக்கு இல்லை. நாலு பழம் தின்பதற்கு யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

பழைய மருத்துவத்தையும் பாட்டில் மருத்துவத்தையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களிடம்தான் எனக்கு மனவருத்தம். மலாய் நாட்டுக் கிழவி தோலைக் கொடுத்தது ஒரு நோய்க்கு, கொஞ்சமாக, இரண்டு மூன்று நாளைக்கு. வயிறு கட்டியதும் நிறுத்திவிட்டாள். பாட்டில் சொல்வது எல்லா நோய்க்கும், தினமும், ஆயுள் முழுக்க. கிழவியின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். அவள் கடைப்பிடித்த அளவை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அந்த ஒரு கிலோவின் தோலை நான் மாடியில் காயவைத்தேன். நான்கு நாளில் கரும்பழுப்பாகி, தட்டினால் கொட்டாங்கச்சி போல ஓசை கொடுத்தது. தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு ஒரு பழைய கைக்குட்டையை முக்கினேன். மங்கிய காவிச் செம்மை ஏறியது. துவைத்தும் போகவில்லை. தோலின் உறுதியான உபயோகங்களில் ஒன்று இதோ என் கையிலேயே இருக்கிறது.

வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் முதலில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே மருத்துவமனை. துவர்ப்பெல்லாம் அதற்குப் பிறகு. ஜூனிலும் ஜூலையிலும் வண்டிக்கு மங்குஸ்தான் வரும். கையில் காசிருந்தால் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து நாலு பழம் வாங்குங்கள், அடியில் இதழ் எண்ணச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பாட்டிலுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.